காஜா பேராங் பள்ளிக்கூடத்துத் தோப்புக்கரணம்

காஜா பேராங், மலாக்கா.
ஜப்பான் கணக்குக்கு 2603ஆம் வருஷமாம், நம் கணக்குக்குச் சித்திரை மாதம்.

சிரஞ்சீவி கருணாகரனுக்கு அம்மா எழுதுவது. உன் மகள் சந்திரமதியும் நானும் மரவள்ளிக்கிழங்கு தின்று திடமாகத்தான் இருக்கிறோம், ஈப்போவில் நீயும் மருமகள் விஜயாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க அம்மன் துணை. பிள்ளையின் படிப்பு எப்படி என்று கேட்டிருந்தாய். படிப்பு எங்கே நடக்கிறது, காலையில் கை வீசுகிறார்கள், ஜப்பான் இருக்கும் கிழக்கைப் பார்த்துக் குனிகிறார்கள், ஜப்பான் பாட்டுப் பாடுகிறார்கள், பிறகு மைதானத்து ஓரத்தில் கிழங்கு நடுகிறார்கள், மிச்சமிருக்கும் ஒரு மணி நேரம்தான் தமிழ். அதையும் எடுத்துவிடப் போவதாகப் பேச்சு வந்தது. போன வாரம் தெய்வநாயகம் வாத்தியார் வீடு வீடாக வந்து, "பாட்டி, பெரிய அதிகாரி பார்வையிட வர்றாரு, பெத்தவங்க வளத்தவங்க எல்லாரும் வந்து பிள்ளைங்களோட ஒழுங்கா தைசோ செய்யணும், அவருக்குப் பிடிக்கலன்னா தமிழ் வகுப்பு போச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தைசோ என்றால் அந்தக் கை வீசுகிற பயிற்சிதான். சந்திரமதி இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், அதுவும் நின்றுபோனால் நாளைக்கு உங்களிடம் வந்த பிறகு நான் எழுதுகிற கடிதத்தை அவள் எப்படிப் படிப்பாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு ஏது, கிழங்கு இறங்கவில்லை.

நானும் போனேன். என் பக்கத்தில் யாரை நிறுத்தினார்கள் தெரியுமா, எதிர்வீட்டு அன்னம்மாவை. உன் காதுகுத்தில் பாயசத்துக்கு முந்திரி போதாது என்று பந்தியிலேயே சொன்னவள், அன்று அவள் கட்டியிருந்த பச்சைக்கரைச் சேலை என்னிடம் இரவல் வாங்கியது, இன்னும் திரும்பி வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். கிழக்கே திரும்பிக் குனியச் சொல்லி விசில் ஊதினார் வாத்தியார். கிழக்கே என்ன இருக்கிறது, வேலிக்கு அப்பால் நம் பிள்ளையார் கோயில்தானே, அன்றைக்கென்று கதவும் திறந்திருந்தது. பிள்ளையாரைக் கண்டதும் அன்னம்மா நெற்றியில் குட்டிக்கொண்டு காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்துவிட்டாள். அவள் போட்டு நான் போடாமல் நின்றால் பிள்ளையார் என்னைப் பற்றி என்ன நினைப்பார், நானும் போட்டேன், கிழவிகள் எல்லாரும் போட்டார்கள், இது புதுப் பயிற்சியாக்கும் என்று பிள்ளைகளும் போட்டார்கள். வாத்தியார் மட்டும் விசிலை வாயில் வைத்தபடி வெளிறிப்போய் நின்றார்.

பார்வையிட வந்திருந்த ஜப்பான் அதிகாரி தன் மொழிபெயர்ப்பாளன் நல்லையாவைக் கூப்பிட்டு என்ன இது என்று கேட்டார். நல்லையா வேர்த்துக் கொட்ட, இது ஞாபகசக்திக்காகத் தமிழர் செய்யும் தைசோ என்று சொல்லிவைத்தான். உடனே அவர் வாளைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு எங்கள் முன்னால் வந்து காதைப் பிடித்தார். பிடித்ததும் தப்பு, வலது கையால் வலது காதை. எனக்குப் பொறுக்குமா, "அப்படி இல்ல தம்பி, கைய மாத்திப் பிடிங்க" என்று அவர் கையைத் தட்டிவிட்டு நானே காதைப் பிடித்துக் காட்டினேன், அவர் காதைத்தான். "அடியே பாக்கியம், எங்க எல்லாரையும் கொல்லப் போறியா" என்று அன்னம்மா அலறினாள். யார் காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதர் சிவந்த காதோடு உட்கார்ந்து எழுந்தார், முழங்கால் மளுக்கென்றது, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இது தினமும் நடக்கணுமாம், தமிழ்லதான் எண்ணணுமாம், அதனால தமிழ் வகுப்பு இருக்கட்டுமாம்" என்று நல்லையா சொன்னதும்தான் வாத்தியார் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது.

இப்போது அந்த அதிகாரி அடிக்கடி வந்து தானும் தமிழில் எண்ணுகிறார். ஆறு வரை சரியாக வருகிறது. ஏழு என்று சொல்ல நாக்குப் புரளவில்லை, அது வருகிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, எல்லாரும் குத்தவைத்தபடியே இருக்கிறோம். சந்திரமதிதான் அவருக்கு எதிரே குந்திக்கொண்டு, "ஏழு... நாக்க மடிங்க... ஏழு" என்று பாடம் எடுக்கிறாள்.

நீயும் விஜயாவும் குறைவில்லாமல் நீண்டநாள் வாழ என் ஆசி. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குத் தைலம் இருந்தால் ரயிலில் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
குந்தி எழுந்து களைத்த உன் அம்மா
பாக்கியம்