தலாஸ்ஸியோ என்று நானும் கத்தினேன்

ஜூன் கலெண்ட்ஸ் (முதல் தேதி)

இஸ்பானியாவிலிருந்து மீன் சாறு வந்து இறங்கியது. நாலு ஜாடி உடைசல். கப்பல்காரன் அலைமேல் பழி போடுகிறான். அலை வந்து மறுக்காது, வசதி.

கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. அடுப்புத் தெய்வம் வெஸ்தாவின் கோயிலைக் கூட்டிக் குப்பையை ஆற்றில் கொட்டும்வரை நல்ல நாள் கிடையாது; அதற்கு மறுநாள். என் மகள் வெத்தியா, குர்தியஸ் வீட்டு மருமகள்! துறையில் ஜாடி சுமந்து தொடங்கியவன் நான்; என் பேரன் குர்தியஸ் என்று பெயர் சொல்லிக்கொள்வான். ரோமின் நடுத்திடலில் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. பூமி பிளந்தபோது ஊரைக் காப்பாற்றக் குதிரையோடு உள்ளே பாய்ந்த குர்தியஸின் வம்சம். இப்படி ஒரு பெயர் கடையில் கிடைக்காது. பெண் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஜூன் நோனஸ் (ஐந்தாம் தேதி)

சம்பந்தி விருந்து. பெரிய குர்தியஸ் மூதாதையின் குதிரைக் கதையை எடுத்தார். என் மனைவி ஒப்பியா சபைன் நாட்டுக்காரி, ரியாத்தே ஊர். வாயை மூடிக்கொண்டிருப்பாளா?

"எங்க ஊர்ல வேற மாதிரி சொல்வாங்க சம்பந்தி. அவரு எங்க ஆளு. ரோமாக்காரங்க நீங்க அந்தக் காலத்துல தூக்கிட்டு வந்த எங்க பொண்ணுங்களை மீட்க வந்த இடத்துல, குதிரையோட சேத்துல மாட்டிக்கிட்டாராம்."

ஒருவரும் மெல்லவில்லை. நான்தான் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து திட்டினேன்.

"அவரு பாஞ்சாரோ விழுந்தாரோ, நம்ம பொண்ணை எதுக்குங்க அதே குழியில தள்றீங்க?" என்றாள்.

வெஸ்தா கோயில் திறந்த நாள்

வெத்தியா அழுகிறாள். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்.

ஜூன் ஐடஸ் (பதின்மூன்றாம் தேதி)

இன்னும் அழுகிறாள். பெரிய குர்தியஸின் மனைவி பார்த்துவிட்டு மெச்சினாள். "நல்ல வளர்ப்பு. இந்தக் காலத்துப் பொண்ணுங்க பல்லை இளிச்சுக்கிட்டே வருதுங்க." எனக்குப் பெருமை.

ஒப்பியாவின் உறவுக்காரன் அத்தூஸ் ரியாத்தேயிலிருந்து கோவேறு கழுதைகளோடு வந்திருக்கிறான். வருஷா வருஷம் என் ஜாடிகளை மலைப்பக்கம் ஏற்றிப் போகிறவன். கல்யாணத்துக்கு இருந்துவிட்டுப் போ என்றேன்.

"கட்டாயம் இருக்கேன் மாமா."

கல்யாண நாள்

எழுதிப் பார்த்தால்தான் நம்புவேன்.

காலையில் எல்லாம் முறைப்படி. ஈட்டி முனையால் வகிடு எடுத்தார்கள், ஆறு பின்னல் போட்டார்கள், நெருப்பு நிற முக்காடு. பொழுது சாயும் நேரத்தில் மாப்பிள்ளையின் தோழர்கள் வந்து, பெண்ணைத் தாய் மடியிலிருந்து பிடுங்கிப் போக வேண்டும். நம் முன்னோர் சபைன் பெண்களைத் தூக்கி வந்ததன் நினைவாக. தாய் விடமாட்டாள், பெண் கத்துவாள், நாம் சிரிப்போம். மாப்பிள்ளை வீட்டு வாசலைப் பெண் தாண்டினால்தான் கல்யாணம் முடிந்த மாதிரி.

ஆறேழு பேர் வந்தார்கள். தலையில் மாலை, கையில் பந்தம், வாயில் மது வாடை. யார் எவர் என்று யார் கேட்பது?

ஒப்பியா உடனே கையை விட்டுவிட்டாள். வெத்தியா கத்தவே இல்லை.

"என்னய்யா, உம் பொண்ணு சத்தத்தையே காணோம்? ஓடிப்போற மாதிரில்ல போகுது!" என்றான் பக்கத்துக் கடை எண்ணெய்க்காரன்.

மானம் போகிறதே என்று நானே குரல் கொடுத்தேன். "கத்தும்மா! கொஞ்சமாச்சும் கத்து!"

முக்காட்டுக்குள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

அவர்கள் "தலாஸ்ஸியோ!" என்று கல்யாண முழக்கத்தைக் கூவினார்கள். அந்தக் காலத்தில் அழகான பெண் ஒருத்தியைத் தூக்கி வந்தவர்களை, யாருக்கு இவள் என்று வழிமறித்துக் கேட்டார்களாம். தலாஸ்ஸியஸ் என்ற பெரிய மனிதருக்கு என்றார்களாம். கூட்டம் விலகியது. அன்றும் விலகியது, இன்றும் விலகியது. நானும் கத்தினேன், எல்லாரையும்விடச் சத்தமாக. அக்ரூட் கொட்டைகளை அள்ளி வீசிக்கொண்டே தெருமுனை வரை ஓடினேன்.

திரும்பினால், எதிரே இன்னொரு கூட்டம். மாலை, பந்தம், குழல். முன்னால் மாப்பிள்ளையின் தம்பி.

"கொஞ்சம் தாமதமாயிடுச்சு மாமா, கோவிச்சுக்காதீங்க. பொண்ணு எங்க?"

என் கையில் இன்னும் அக்ரூட் இருந்தது.

மறுநாள்

பெண்ணைக் காணோம். அத்தூஸைக் காணோம். கழுதைகளையும் காணோம்.

ஒப்பியா மட்டும் இருக்கிறாள். கீரை நறுக்குகிறாள்!

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அவ அழ ஆரம்பிச்சதுலேர்ந்து."

"வெக்கமா இல்ல?"

"எங்க பொண்ணுங்களைத் தூக்கின கதைக்கு ஒவ்வொரு கல்யாணத்துலயும் விழுந்து விழுந்து சிரிக்கிறீங்க. ஒருத்தியை, அவளே வர்றேன்னு சொன்னவளை, நாங்க கூட்டிட்டுப் போனா வெக்கம் எனக்கா?"

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். யார் இவள்?

அதே நாள், மதியம்

பெரிய குர்தியஸ் வந்தார். உட்காரவில்லை. "நீதிபதிகிட்ட, பலவந்தம்னு நீர் ஒரு வார்த்தை சொன்னா போதும். அந்தக் கழுதைக்காரன் தலை போகும், நம்ம பேரு நிக்கும். பொண்ணை நாங்க மறுபடி ஏத்துக்கறோம்."

பெரிய மனசுதான். தலை போகும் என்றதுதான் காதில் நிற்கிறது. அத்தூஸ் நல்லவன், ஒரு ஜாடி உடைத்ததில்லை. — என்ன நல்லவன்! என் வீட்டில் சாப்பிட்டவன்!

ரியாத்தே

துறைச் சுமைக்காரர்களைத் தடியோடு கூட்டிக்கொண்டு உப்புச் சாலை வழியே வந்து சேர்ந்தேன். இழுத்துப் போவது என்றுதான் வந்தேன். வெத்தியா வாசலில் வந்து நின்றாள். அவள் பின்னால் அத்தூஸ், வெளிறிப்போய்.

"கிளம்பு."

"நான் வேணாம்னு சொன்னேனேப்பா."

"எப்பச் சொன்னே?"

"தினம் அழுதேனே."

"பொண்ணுங்க அழறது வழக்கம்டி."

"அம்மா மடியை விட்டு எந்திரிக்க மாட்டேன்னேன்."

"அதுவும் வழக்கம்தான்."

"குர்தியஸ் ஆளுங்க தூக்கறப்ப கத்தியிருந்தா? காலை உதறியிருந்தா?"

சிரித்திருப்பேன். அவளுக்கே தெரியும்.

"அப்ப நிஜமா வேணாம்னா, ஒரு பொண்ணு வேற என்னப்பா பண்றது?"

சுமைக்காரர்களில் மூத்தவன் தடியைக் கீழே போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

ஜூலை கலெண்ட்ஸ்

நீதிபதி முன் நின்றேன். பக்கத்தில் பெரிய குர்தியஸ்.

"உம் பொண்ணைப் பலவந்தமா கொண்டுபோனது உண்மையா?"

"இல்லீங்க. நான்தான் அனுப்பி வெச்சேன்."

குர்தியஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பேரனுக்கு அந்தப் பெயர் அதோடு போயிற்று. இனி அந்தத் தெருவில் நான் மீன்காரன்தான்.

"சாட்சி இருக்கா?"

"தெரு முழுக்க இருக்குங்க. எல்லாரையும்விடச் சத்தமா தலாஸ்ஸியோன்னு கத்தினவன் நான்தான். வேணும்னா எண்ணெய்க்காரனைக் கேளுங்க."

சிரிப்பு. நீதிபதியே சிரித்துவிட்டார். எழுத்தர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "மருமகன் பேரு?"

"அத்தூஸ்."

"ஊர்ல நூறு அத்தூஸ். முழுப் பேரு?"

இத்தனை வருஷம் வந்து போனவன். ஒருநாளும் கேட்டதில்லை.

"எம் பொண்ணைக் கேட்டுட்டு வந்து சொல்றேங்க" என்றேன்.