கொய்யாப் பிடி

யோங் பெங், வெள்ளிக்கிழமை.

தீமிதிக்கு விறகு பிளக்கும்போது கோயில் கோடாலியின் பிடி இன்று காலை முறிந்துவிட்டது. ரப்பர் மரத்தில் போட்ட பிடி, முறியாமல் என்ன செய்யும்? நான் வீட்டில் நிழலில் காயவைத்திருந்த கொய்யாக் கிளையை எடுத்தேன். நார் நேராக ஓடும் துண்டு, ஒரு கணுகூட இல்லை. செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, மாலையில் கோடாலியில் மாட்டி, ஆப்பும் அடித்துக் கொண்டுபோனேன்.

கோயில் தலைவர் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கே, யாரு செஞ்சது?"

"நான்தாங்க."

அவர் கை சட்டென்று பின்வாங்கியது. "அலமாக்! சாமி விறகும்மா இது. பொம்பள செஞ்ச பிடியில பிளக்கலாமா? கடையில வாங்கிக்கலாம் லா."

"கடைப் பிடிய யாரு செஞ்சாங்கன்னு கேட்டுட்டுதான் வாங்குவீங்களா?"

ஆப்பைத் தட்டிக் கழற்றினேன். இரும்பு கோயிலுடையது, அதை அவர் முன்னால் வைத்தேன். பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இதோ, கதவோரம் சாய்ந்திருக்கிறது. அந்தப் பழைய கோடாலியின் துளைக்குக் கடைப் பிடி எதுவும் பொருந்தாது. பாதி விறகு இன்னும் பிளக்காமல் கிடக்கிறது. நாளை கேட்டு வருவார்கள். வரட்டும். பிடி வேண்டுமென்றால் செதுக்கிய கையும் கூடவே வரும். முதல் கட்டையை நான்தான் பிளப்பேன்.