ஐம்பத்தெட்டு கிலோ டீச்சர்

அன்புள்ள உங்களுக்கு,

இருமல் நின்றதா? போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்பீர்கள், அடுத்த நிமிடமே இருமுவீர்கள். இங்கே சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. வருகிறேன், வருகிறேன் என்று பிளம்பர் இழுத்தடிக்கிறார். உங்கள் அம்மா உங்கள் தம்பி வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். இந்த வீட்டில் நானும் டிவியும்தான். டிவிதான் அதிகம் பேசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, அங்கே உங்கள் வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதற்குப் பிறகு பள்ளியில் ஒன்று நடந்தது. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு நிறையும் எடையும் நடத்தினேன். உடம்பில் இருக்கிற பொருளின் அளவு நிறை; அதைப் பூமி இழுக்கிற இழுப்பு எடை. நிலவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை அப்படியே இருக்கும். வருடாவருடம் நான் கொடுக்கும் கணக்கு உங்களுக்குத் தெரியும்: டீச்சரின் நிறை ஐம்பத்தெட்டு கிலோ, நிலவில் டீச்சரின் எடை என்ன? பிள்ளைகளை எடை மெஷினில் ஏற்றினால் குண்டாக இருப்பவர்கள் கூசிப்போவார்கள் என்று நானே ஏறிக்காட்டுவது வழக்கம். இந்த வருடமும் ஏறினேன். முள் நாற்பத்தொன்பதில் நின்றது.

வகுப்புக்கு ஒரே கொண்டாட்டம். மெஷின் பழுது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆனால் சோதிக்காமல் எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தானே? விளையாட்டு அறையிலிருந்து பளு தூக்கும் இரும்புத் தட்டுகளைத் தூக்கிவந்து அடுக்கினார்கள். பத்துக்குப் பத்து, இருபதுக்கு இருபது காட்டியது.

முதல் பெஞ்சில் ஒரு பெண், நான் வக்கீல் என்று கூப்பிடுகிறவள், எழுந்து நின்றாள்.

"இடம் மாறினாதான் நிறை மாறாம எடை மட்டும் மாறும்னு சொன்னீங்க, டீச்சர். நீங்க எங்கயும் போகலையே. அப்ப நிஜமாவே உங்ககிட்ட ஏதோ குறைஞ்சிருக்கு."

சரியான விடை என்று சொல்லி உட்கார வைத்தேன். புது எண்ணை வைத்துக் கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, பலகைப் பக்கம் திரும்பி, அழித்த இடத்தையே அழித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போனேன், பயப்படாதீர்கள். நோய் ஒன்றும் இல்லையாம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம். ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைக்க மனம் வருவதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மதியம் மற்ற டீச்சர்களோடு உட்கார்ந்தால் நாலு வாய் இறங்குகிறது. வீட்டில் எடுத்த தட்டை அப்படியே கவிழ்த்து வைத்துவிடுகிறேன். என்னால் தனியாக இருக்க முடியவில்லை.

அன்று நான் சொன்னது உங்கள் இஷ்டத்தை. என் இஷ்டத்தை நீங்களும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. சம்பளம் நல்லதுதான், வேலையும் உங்களுக்குப் பிடித்ததுதான். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன், கையெழுத்துப் போடாதீர்கள். வந்து என் எதிரே உட்காருங்கள். நான் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி