வெந்நீரில் போட்ட தந்திச் சீட்டு

போன வாரம் உங்கள் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையும் கோந்து வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சேதி பீரோவுக்கு மட்டும் எட்டவில்லை போலிருக்கிறது.

உங்கள் ஆல்பங்களைப் பார்க்க வேண்டும் என்று சேலத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். பாங்கில் வேலை பார்க்கிறவர், உங்களைப் போலவே ஸ்டாம்புப் பைத்தியம். வேகமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் தந்தி ஸ்டாம்புப் பக்கத்தில் நின்றுவிட்டார். ராஜா தலை போட்டு, குறுக்கே வெட்டிய அந்த ஒற்றை மேல்பாதி ஸ்டாம்பை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ரசீதோட இருந்திருந்தா இதோட மதிப்பே வேறம்மா. யாரு இதக் கழட்டினது?" என்று கேட்டார். உங்கள் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "யாரோ விவரம் தெரியாதவங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன்.

தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் நீங்கள். ஒரு பழைய சலான் கிழிந்தால் கீழே இருக்கிறவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவீர்கள். தருமபுரியில் உங்களிடம் ஒரு காகிதம் போனால் அது பத்திரம் என்று ஊரே சொல்லும். எங்கள் அப்பாவும் அதைத்தான் நம்பினார். கடத்தூர் வீட்டில் கறையான் ஏறியபோது, கோணிச் சாக்கில் சுற்றிய தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். "எங்கூட்ல இருந்தா மண்ணாப் பூடுங்க மாப்ள. உங்க கையில இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டு, மோர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் பெண் எடுத்தவருக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்குமா? அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அப்போதே அறுபது வருஷமாகப் பேச்சு இல்லை. சித்தப்பா இளவட்டத்தில் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருந்த சமயம் அவர்களைப் பெற்றவள் படுத்த படுக்கையானாள். அப்பா கடத்தூரிலிருந்து மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்த் தம்பிக்குத் தந்தி கொடுத்தார். தந்தி எங்கே போய்த் தொலைந்ததோ, சித்தப்பா கைக்குப் போகவில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அவர் வந்தபோது அவளைப் புதைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. "தந்தியும் குடுக்கல, ஒண்ணும் குடுக்கல. எங்காத்தா மொகத்தக்கூட எனக்குக் காட்டாம மண்ணுல போட்டுட்டான்" என்று தெருவில் நின்று கத்தினார். அப்பாவுக்கு ரோஷம். சட்டைப் பையில் ரசீது இருந்தும் காட்டவில்லை. "எம்பேச்ச நம்பாதவனுக்குச் சீட்டு ஒரு கேடா?" என்று பெட்டியில் போட்டுப் பூட்டினார். அதற்கப்புறம் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். ஒருவர் ஏற்றம் விட்டு இறங்கிப் போன பிறகுதான் மற்றவர் வருவார்.

நீங்கள் பெட்டியைக் கிளறிய அந்த மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷத்தை உங்கள் முகத்தில் நான் பார்க்கவில்லை. "ஏ, இங்க வா! ராஜா தலை பாரு. எல்லார்கிட்டயும் ராணி தலைதான் இருக்கு" என்று கூப்பிட்டீர்கள். தந்தி ஸ்டாம்பு நீளமாக இருக்கும், மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை, தந்தி கொடுத்ததும் குறுக்கே வெட்டிவிடுவார்கள், மேல்பாதி ரசீதோடு கொடுத்தவர் கைக்கு வரும், கீழ்பாதி ஆபீசிலேயே தங்கிக் குப்பையாகப் போகும் என்றெல்லாம் சொன்னீர்கள். ஸ்டாம்பு ஓரத்துப் பல்லை எண்ணினீர்கள், பூதக்கண்ணாடியில் நிறத்தைப் பார்த்தீர்கள், நோட்டை எடுத்து இங்கிலீஷில் என்னமோ எழுதிக்கொண்டே, "பீங்கான் தட்டுல கொஞ்சம் வெந்நீர் கொண்டா" என்றீர்கள். கொண்டுவந்து வைத்தேன். பொறுக்கும் சூடுதானா என்று விரலை விட்டுக்கூடப் பார்த்துக் கொடுத்தேன். நீங்கள் பேசியதெல்லாம் ஸ்டாம்பைப் பற்றித்தான்; அது ஒட்டியிருந்தது என்ன காகிதம் என்று இங்கிலீஷ் தெரியாத எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டாம்பு மிதந்து வந்தது. தொளதொளத்துப்போன சீட்டை முருங்கை மரத்தடியில் தண்ணீரோடு வீசினீர்கள்.

அடுத்த வருஷம் சித்தப்பா சம்சாரம், எங்கள் சின்னம்மா, இறந்துபோனார். அப்பா அந்தச் சாவுக்குப் போய்த் தெருமுனையிலேயே நின்றுவிட்டு வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பாவே ஆள் விட்டிருந்தார். "எனக்கும் நாள் ஆயிருச்சு. அந்தச் சீட்ட ஒருக்காக் கண்ணுல காட்டச் சொல்லு. அது போதும்." அறுபது வருஷத்தில் அங்கிருந்து வந்த முதல் பேச்சு. அப்பா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

நீங்கள் ஆல்பத்தை விரித்துக் காட்டினீர்கள். அப்பா குனிந்து பார்த்தார். "சீட்டு எங்கங்க மாப்ள?"

"இதாங்க மாமா. இதுதான் அசல்."

"ஊரு பேரு போட்டிருந்துச்சுங்களே. தம்பி பேரு போட்டிருந்துச்சுங்களே" என்றபடி தாளைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். முதுகில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, பீங்கான் தட்டில் நான் எதைக் கொண்டுவந்து வைத்தேன் என்று. அப்பா உங்களைக் கோபிக்கவில்லை. தாளைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, "பரவால்லீங்க. நீங்க கண்ணால பாத்தவரு. ஒரு நடை வந்து சொல்லிட்டாப் போதும். படிச்சவங்க சொன்னா அவன் நம்புவான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் சேலம் பஸ்ஸில் ஏறினீர்கள். ஸ்டாம்புக்காரர்கள் கூட்டமாம். வாசல்வரைக்கும் வந்து கெஞ்சினேன். "ஒரு சீட்டத் தண்ணியில போட்டதுக்கு நான் போயி அந்தாளு முன்னாடி கை கட்டி நிக்கணுமா?" என்று கேட்டீர்கள். தண்ணீரில் போட்டதை நான் என்றைக்கோ மறந்திருப்பேன். விவரம் புரியாமல் நானும் கூட இருந்துதானே செய்தேன்? ஆனால் அந்தக் காலையில் நீங்கள் பை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. உயிரோடு இருந்தபோது இதை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த ஆல்பத் தாளை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். சித்தப்பா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "தலையக் காட்டறயே, ஊரு எங்கடா?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பா வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "மாப்ள வரலயா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆபீஸ் வேலைங்க சித்தப்பா."

"ஞாயித்துக்கெழம என்ன ஆபீசு?" என்று கேட்டுவிட்டுத் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். வரும்போது வரப்பில் அப்பா இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தார். அந்த மார்கழியிலேயே போய்விட்டார். சாவுக்கு வந்த சித்தப்பா எங்கள் களத்து மேட்டோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம் பத்து வருஷம் உங்களுக்குச் சமைத்துப் போட்டேன், வேட்டி துவைத்தேன், உங்கள் ஆல்பங்களுக்கு அந்துருண்டை வைத்தேன். ஒரு ஸ்டாம்பு கழற்ற வெந்நீர் மட்டும் கொண்டுவந்ததில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. எனக்கு என்ன கோபம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாங்க்காரர் உங்கள் நோட்டையும் புரட்டினார். தந்தி ஸ்டாம்புக் குறிப்புகள் வந்த இடத்தில், "ஐயா என்ன நேர்த்தியா எழுதி வெச்சிருக்காரு!" என்று எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ரசீது கொடுத்த இடம் மொரப்பூர். போய்ச் சேர வேண்டிய இடம் கோலார். பெறுபவர் பெயர், தகப்பன் பெயர். தேதி. நேரம், காலை. அத்தனையும் எழுதி வைத்திருக்கிறீர்கள்! பத்து வருஷமாக நான் தினமும் தூசி தட்டிய பீரோவுக்குள், உங்கள் அழகான கையெழுத்தில். கடைசியாக மூன்று வார்த்தை. அவர் சொல்லத் தயங்கினார். நான்தான் கேட்டேன். "பேப்பர் நாட் ரிக்கொயர்ட். காகிதம் வேண்டியதில்லைன்னு எழுதியிருக்கார்ம்மா" என்றார்.

நோட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே கடத்தூருக்குப் போனேன். சித்தப்பா இன்னும் இருக்கிறார், கட்டிலோடுதான். காலேஜில் படிக்கிற பேத்தி அவர் காதருகே உரக்கப் படித்துத் தமிழில் சொன்னாள். மொரப்பூர் என்றதும் அவர் கண்ணைத் திறந்தார். தன் பெயர் வந்ததும், "இன்னொருக்காப் படி" என்றார். கடைசி வரிக்கு வந்தபோது அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் நோட்டை மூடிவிட்டாள்.

"அண்ணன் குடுத்துத்தான் இருக்கான்" என்றார் சித்தப்பா. காதுவரைக்கும் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "இது எப்பக் கெடச்சுது கண்ணு?"

"இப்பத்தாங்க சித்தப்பா."

"மாப்ள புண்ணியவான். இத்தன வருசத்துக்கு முந்தியே எழுதி வெச்சிருக்காரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் என்று அன்றைக்குச் சொன்ன அதே வாய்தான்.

ஆல்பங்களைப் பாங்க்காரருக்கே கொடுத்துவிட்டேன். அந்த மேல்பாதி சித்தப்பா தலையணைக்கு அடியில் இருக்கிறது. நோட்டு மட்டும் என்னிடம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நீங்கள் சிரிப்பீர்கள். இப்போதும் தெரியாதுதான். அந்தக் கடைசி மூன்று வார்த்தையை மட்டும் இனி எந்தத் தாளில் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.