தபால் பெட்டியில் ஏழு பேர்

அன்பு மகளே,

ஓஸ்லோ பத்திரிகைகளில் இது வந்திருக்காது என்பதால் நம் ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஈஸ்டர் விடுமுறையில் ஐந்து நாள் யாரும் திறக்காத நேரம் பார்த்து, துறைமுகத்துச் சிவப்புத் தபால் பெட்டிக்குள் ஒரு சிட்டு கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. தபால்காரி தோருன் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி, ‘உள்ளே குடும்பம் இருக்கிறது’ என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

ஐந்து வாரம் அதில் யாரும் கடிதம் போடவில்லை. படகுக்காரர்கள்கூட அங்கே ஹாரன் அடிக்கவில்லை. நாங்கள் காபியோடு கரையில் நின்று, அவ்வளவு சின்ன உடம்பு நாளெல்லாம் புழு சுமப்பதைப் பார்த்தோம்.

நேற்று கூடு காலியானது. அடியில், விடுமுறைக்கு முன் நான் உனக்குப் போட்ட கடிதம் கிடந்தது.

“உங்க கடுதாசி மேலதான் ஏழு பேரு பொறந்து வளந்திருக்காங்க. இத இனி அனுப்பவா, வேணாமா?” என்றாள் தோருன்.

நீ விரும்பும் அவனைப் பற்றி அதில் கோபத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்காதே. எச்சம் பட்டு, உறைமேல் இருந்த முகவரி தவிர ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை, நல்லதாகப் போயிற்று.

கடைசிக் குஞ்சு வெளியே வர இரண்டு நாள் யோசித்தது. ஊரே பொறுமையாக நின்றது. நீ எத்தனை நாள் யோசித்தாலும் நானும் நிற்பேன்.

அவனையும் கூட்டிக்கொண்டு வா.

அப்பா