இடது தோள்

என் கண்ணான மகனுக்கு,

பாங்காக்கிலிருந்து நீ அனுப்பிய மூலிகைப் பொட்டலங்கள் கிடைத்தன. போனில் நீ சொன்னபடியே ஆவியில் சூடாக்கி, வாப்பாவின் இடது தோளில் தினமும் ஒத்தடம் கொடுத்தேன். “தாய்லாந்து வைத்தியத்தை நல்லாப் படிச்சிருக்கான்” என்பார்.

உன் வைத்தியத்தில் குறையில்லை. அவருக்கு வலித்தது தோள் அல்ல, நெஞ்சு.

“தோள்வலின்னே சொல்லு. நெஞ்சுன்னா ரங்கூனுக்கு ஓடி வந்துடுவான், பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், பிடிவாதக்காரர்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம் செய்தோம். குளிப்பாட்டும்போது எவ்வளவு தேய்த்தும் தோளிலிருந்த உன் மருந்தின் மஞ்சள் போகவில்லையாம்.

ஒரு பொட்டலம் மீதி இருக்கிறது. அவர் போய்விட்டார், உன்னை வரவிடாதிருக்க வாங்கிய சத்தியம் என்னிடம் இருக்கிறது. வராதே மகனே.

உன் உம்மா