ஓடாத வண்டியின் ஆயில்

ஜூன் 9, 2025, திங்கள்

பெலிக்ஸின் பைக்கை இன்றும் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் உறும விட்டு அணைத்தேன். தினமும் இப்படிச் செய்யச் சொல்லிவிட்டுத்தான் அவர் துபாய்க்குக் கிளம்பினார். பதினான்கு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. போனில் "சாப்பிட்டியா ஷீபா?" வருமுன் "வண்டி ஸ்டார்ட் பண்ணியா?" வந்துவிடும். கட்டின பெண்டாட்டியைவிட அதன்மேல்தான் அக்கறை!

ஜூன் 12

இன்ஜினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். புதிதாக.

ஜூன் 14, சனி

இலுப்பூரிலிருந்து மெக்கானிக் முத்துராமன் வந்து ஆயிலை இறக்கினார். டீயில் பால் கலந்த நிறம். விரலால் தொட்டால் வழவழப்பே இல்லை, தண்ணீராக ஓடுகிறது. 

"வண்டிய ஓட்டுறதில்லையாக்கா?"

"தெனம் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்றேனே!"

"அதாங்க்கா வினை. ஆயில் நல்லா சூடேறினாத்தான் உள்ள வேர்க்கிற தண்ணி ஆவியாப் போகும். நீங்க அதுக்குள்ள அணைச்சிர்றீங்க. தண்ணியும் எரியாத பெட்ரோலும் ஆயில்லயே தங்கிருது. ஆயிலு இளகிப்போச்சு, தேயாம இருக்க அதுல கலந்து வர்ற மருந்தும் போச்சு. இரும்பும் இரும்பும் ஒரசுது."

கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்காதா என்றேன்.

"அடங்கும். ஆனா காலைல ஸ்டார்ட் பண்றப்ப கெட்டி ஆயில் இன்ஜின் மேல ஏற நேரமாகும், அதுக்குள்ள இன்னுந் தேயும். கம்பெனி புக்ல போட்டிருக்கிற நம்பர் ஆயிலே ஊத்துறேன். வண்டி மட்டும் ஓடணும். நிறுத்தியே வச்சா இதுவும் இப்படித்தான் ஆகும்."

பார்த்துப் பார்த்து நானே கெடுத்திருக்கிறேன். பெலிக்ஸ் முகத்தில் எப்படி முழிப்பேன்? சரி, வண்டியை யார் ஓட்டுவது?

ஜூன் 15

"வண்டி எப்படி இருக்கு?" என்றார் பெலிக்ஸ் போனில். நல்லா இருக்கு என்றேன். பொய்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச் முடிந்து மைதானத்தில் பைக் பழகினேன். முத்துராமனின் மனைவி அமுதவல்லி கூடவே ஓடி வந்தாள். ஸ்கூட்டர் ஓட்டின கைதான், ஆனால் இந்தக் கிளட்ச் இருக்கிறதே, சனியன்! மூன்று முறை அணைந்தது. ஒருமுறை விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு. மறுபடி ஏறினேன். பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஆகஸ்ட் 2

கியர் வண்டிக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் உரக்கடைக்கு இனி பஸ்ஸில் போவதில்லை, பைக்கில்தான். டிக் டிக் பாதி குறைந்திருக்கிறது. தேய்ந்தது தேய்ந்ததுதான், மேலே தேயாது என்கிறார் முத்துராமன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெலிக்ஸிடம் சொல்லிவிட்டேன். ஆயில், சத்தம், விழுந்தது, எல்லாம்.

"என்னைக் கேக்காம என் வண்டிய எடுத்தியா?"

"நீங்க சொன்னதக் கேட்டுத்தாங்க வண்டியே கெட்டுச்சு!"

நானா இப்படிப் பேசினேன்? போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 13

கூப்பிடவில்லை. வேண்டாம், போ! — வாய்தான் சொல்கிறது. கண் போனிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 14

கூப்பிட்டார். "கை காயம் ஆறிருச்சா?" என்றார். அழுதுவிட்டேன்.

டிசம்பர் 20, சனி

பெலிக்ஸ் லீவில் வந்துவிட்டார். பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே பைக்கிடம் போனார். ஸ்டார்ட் செய்து, காதைச் சாய்த்துக் கேட்டார். தெருவில் ஒரு சுற்று போய் வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

"நல்லாத்தான் வச்சிருக்கே."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்:

"லீவு முடியிற வரைக்கும் எனக்கு வேற ஒரு வண்டி வேணும். முத்துராமன்ட்ட சொல்லி வையி."